பெல்ட்டோடு ஓர் அளவு, பெல்ட் இல்லாமல் ஓர் அளவு

அறுபது தாண்டியும் நோய்நொடி இல்லாத ஆண்களை ஓர் ஆய்வுக்காக அளந்து பார்க்க நுரைச்சோலைக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், நானே போய்ப் பெயர் கொடுத்தேன். என் உடம்பைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமை. சனிக்கிழமை காலை, அளக்கிற மிஸ் தராசும் நாடாவுமாக வீட்டுக்கே வந்துவிட்டார். பாண் சாப்பிட வந்திருந்த என் மச்சான், அதாவது மனைவி நானா என்று கூப்பிடும் அவள் அண்ணன், வேடிக்கை பார்க்கக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நேற்று என்ன சாப்பிட்டேன் என்று மிஸ் கேட்டார். கீரை, மீன் என்று தொடங்கினேன்.

"வட்டிலப்பத்தையும் சொல்லுங்க," என்றாள் மனைவி, குசினியிலிருந்து.

வெள்ளிக்கிழமைகளில் அவள் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்தெடுக்கும் வட்டிலப்பத்தில் பாதி எனக்கு. அதற்காகவே வாரம் முழுக்க நல்ல பிள்ளையாக இருப்பேன்.

உயரமும் நிறையும் பரவாயில்லை. இடுப்பில்தான் வில்லங்கம். நாடாவைப் பார்த்த மிஸ், "கூடுதலா இருக்கு. இனிப்பக் குறைக்கணும்," என்றார்.

மனைவி அகப்பையோடு வந்து நின்றாள். "கேட்டீங்களா? இனி உங்களுக்கு வட்டிலப்பம் இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாரனுக்கு மேலே நான் கட்டியிருந்தது எங்கள் ஆட்கள் கட்டும் அகலமான பச்சைப் பெல்ட். அதன் பைகளுக்குள் போன், சாவிக் கொத்து, மூக்குக் கண்ணாடி எல்லாம் இருந்தன. மிஸ் அத்தனையையும் சேர்த்து அளந்திருந்தார்.

"இது என்ட இடுப்பில்ல மிஸ், சாமான். திரும்ப அளங்க."

"கழட்டச் சொன்னேன்தானே. நீங்கதான் ஏலாதெண்டீங்க."

அறைக்குள் போய்ப் பெல்ட்டைக் கழற்றி, சாரனை முடிந்துகொண்டு, மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தேன். மிஸ் ஒரு தடவை அளந்தார். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார்.

"முந்தினதை விட ரெண்டு அங்குலம் கூட."

இத்தனை வருடமும் அந்தப் பெல்ட்தான் என் வயிற்றைப் பிடித்து வைத்திருந்தது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மச்சான் சிரித்த சிரிப்பில் கதிரை கிறீச்சிட்டது. வந்ததுக்கு அவரையும் அளந்தார் மிஸ்.

"நீங்க நல்லா மெலிவு. சத்தாச் சாப்பிடணும்."

எங்கள் வீட்டுப் பாணில் முக்கால்வாசியை முடித்தவருக்கு இந்தப் புத்திமதி.

அடுத்த வெள்ளி என் வட்டிலப்பக் கோப்பை அவருக்கு முன்னால் இருந்தது. "மருந்தெண்டு நினைச்சித்தான் திங்கிறேன் மச்சான்," என்றார், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு. எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. கீரையைப் பார்த்துக்கொண்டே பெல்ட்டை இன்னும் ஓர் ஓட்டை இறுக்கினேன்.