அழித்தால் இரண்டிலும் அழியும்

“ஃபோன்ல அழிச்சா கம்ப்யூட்டர்லயும் அழிஞ்சுடுமா?”

மாமா இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. “அழியாதுன்னு நினைக்கிறேன்” என்று சொல்லித் தொலைத்தேன்.

மாமாவுக்குக் குழாய் ரிப்பேர் வேலை. அத்தை, வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, வருகிற அழைப்புகளைக் காலண்டரில் ஏற்றுவார். அவர் தட்டி முடித்த கையோடு, ஊரின் எந்த மூலையில் இருந்தாலும் மாமாவின் ஃபோன் ‘டிங்’ என்னும். ‘மூணாவது மாடி. லிஃப்ட் இல்லை. புலம்பாதீங்க.’

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு ‘கண் டாக்டர். நீங்களும் வரணும்’ என்று அத்தை போட்டிருந்தார். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் மங்கல்; தனியாகத் தெருவைக் கடக்க முடியாது. அன்றைக்கென்று நாலு மணிக்கு ஓர் அவசர அடைப்பு வந்து சேர்ந்தது. வேலை நடுவில் ஃபோன் நினைவூட்டிக் கத்திக்கொண்டே இருந்தால் கை ஓடாது என்று, என் பதிலை நம்பி, மாமா கண் டாக்டரை ஃபோனில் மட்டும் அழித்தார். கம்ப்யூட்டர் மணி அடிக்கும், அத்தை கூப்பிடுவார், ஓடிப்போய்விடலாம் என்று நினைப்பு.

கம்ப்யூட்டர் மூச்சுவிடவில்லை. அத்தைக்கு ஞாபகம் வந்தபோது மணி ஆறு. அடுத்த தேதி மூன்று வாரம் தள்ளித்தான் கிடைத்தது.

“அடைப்புக்கு இடம் இருக்கு. எனக்கு இடம் இல்லையா?”

அதோடு அத்தை பேச்சை நிறுத்தினார். காலண்டர்தான் பேசியது. ‘ஒன்பது மணி. சாப்பாடு மேசைமேல்.’

புதிய தேதிக்கு முதல் நாள், மாமா ஒரு வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். டிங். ‘நாளை ஐந்து மணி. கண் டாக்டர். தனியாகப் போறேன்.’

மாமா கடைசி வரியை அழித்து ‘நானும் வரேன்’ என்று தட்டினார். ஒரே நிமிடத்தில் ‘தனியாக’ திரும்பி வந்தது. மறுபடி அழித்தார். மறுபடி வந்தது. அவர் நெற்றியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“குழாயைப் பார்க்க வந்தீங்களா, ஃபோனைப் பார்க்க வந்தீங்களா?” என்றார் அந்த வீட்டுக்காரம்மா.

“எங்க வீட்டுக் கசிவு இதைவிடப் பெருசும்மா.”

ஈரக் கையோடு மாமா புதிதாக ஒன்று போட்டார்: ‘ஐந்து மணி. அவளைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிப்போகணும்.’ விரல் எங்கே வழுக்கியதோ, அது தினமும் ஐந்து மணிக்கு என்று முடிவுத் தேதியே இல்லாமல் பதிவாகிவிட்டது.

அன்று மாலை ஐந்து மணிக்கு மாமா வீட்டுக்குள் நுழையவும் அவர் ஃபோனும் கம்ப்யூட்டரும் சேர்ந்து கத்தின. அத்தை திரையை உருட்டிப் பார்த்தார். நாளைக்கும் இருந்தது. அடுத்த வருடமும் இருந்தது. அதற்கடுத்த வருடமும் விடவில்லை.

“எனக்கு எத்தனை கண்ணுங்க இருக்கு?”

மூன்று வாரத்தில் அத்தை வாய் திறந்து பேசிய முதல் பேச்சு அதுதான். மாமா பதறி, “இரு, அழிச்சுடறேன்” என்றார்.

“கை வச்சுப் பாருங்க.”

மறுநாள் அத்தை மங்கலான கண்ணோடு மாமாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தார். அந்த வீட்டில் இன்றைக்கும் ஐந்து மணி ஆனால் இரண்டும் கத்துகின்றன. யாரும் நிறுத்துவதில்லை.

மாமாவின் கேள்விக்குப் பதில் இப்போது எனக்குத் தெரியும். அழியும். ஃபோனையும் கம்ப்யூட்டரையும் இணைத்து வைத்திருக்கிறவர் யாராவது உங்கள் பக்கத்தில் இருந்தால், அவர் எதையாவது அழிப்பதற்கு முன்னால் தயவுசெய்து இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள்.