புன்னைக்காயல் வரை ஓடிய தேவதாசன்

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் ஒருத்தன் விடியக்காலையில் ஓடினால் முதலில் நாய் துரத்தும், அப்புறம் ஆள் கேட்கும்: யாருக்கு என்ன ஆச்சு, எந்த ஆஸ்பத்திரி? உடம்புக்காக ஓடுவதெல்லாம் மில்லர்புரம் பக்கத்து ஆபீசர்மார் பழக்கம். ஐஸ் கம்பெனியில் நாளெல்லாம் பார் ஐஸ் தூக்குகிறவனுக்கு அதற்கு மேல் ஓட்டம் எதற்கு? அதனால் நாற்பத்தாறு வயசு தேவதாசன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு கடற்கரை ரோட்டில் ஓட ஆரம்பித்தபோது ஊர் பதினைந்து நாள் சிரித்தது. காரணம் தெரிந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

காரணம் ஒரு கல். சங்கு எடுக்க மூழ்கி, உயிரோடு மேலே வராதவர்கள் அந்த ஊரில் பதினாலு பேர். மீனுக்குப் போய் செத்தவனுக்கு ஊர் அழும். சங்குக்குப் போய் செத்தவனுக்கும் அழும்தான், ஆனால் ஆசைப்பட்டு ஆழத்துக்குப் போயிட்டான் என்று ஒரு பழியைப் போட்டுவிட்டு அழும். அந்தப் பழி போக வேண்டும், பதினாலு பேர் பெயரையும் கருங்கல்லில் வெட்டிக் கடற்கரையில் நிறுத்த வேண்டும் என்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு கமிட்டி போட்டன. பெரிய மனுஷர்களிடம் போய்க் கையேந்த ஒருத்தருக்கும் மனசு வரவில்லை.

அனிஷ்தான் வழி சொன்னான். துறைமுகத்தில் கண்டெய்னர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிற பையன், பதினாலு பேரில் ஒருத்தருடைய மகன். சென்னைக்கெல்லாம் போய் மாரத்தான் ஓடிவிட்டு வருவான். திரேஸ்புரத்திலிருந்து புன்னைக்காயல் மாதா கோவில் வரை முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஓட முடிந்தவர் முழுக்க ஓடட்டும், மற்றவர்கள் முத்தையாபுரம் வரை நடக்கட்டும். ஒவ்வொருவரும் கடை கடையாகப் போய், கிலோமீட்டருக்கு இவ்வளவு தருகிறேன் என்று வாக்கு வாங்கி வர வேண்டும். முடித்த தூரத்துக்குத்தான் பணம். இது பிச்சை இல்லை, கூலி என்றான் அனிஷ். அந்தச் சொல் எல்லாருக்கும் பிடித்துப் போயிற்று.

முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர் தேவதாசன். கொடுத்ததும் கூட்டம் கப்சிப் ஆனது. ஏனென்றால் அந்தப் பதினாலு பேரில் கடைசியாகப் போனவன் இனிகோ. இனிகோ மூழ்கினபோது மேலே இருந்து கயிறு பிடித்தவர் இந்தத் தேவதாசன்.

முத்துக் குளித்த காலத்திலிருந்து இந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. மூழ்குகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். அண்ணன் தம்பி கூட ஆகாது. அவனுக்குச் சொத்தில் பங்கு வரும். மச்சான் கைதான் தளராது, தன் தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். இப்போது கம்ப்ரசர் வந்துவிட்டது, டியூப் வழியாகக் காற்று கீழே போகிறது, ஒரு மணி நேரம்கூட அடியில் கிடக்கலாம். ஆனாலும் கயிறும் போகவில்லை, மச்சானும் போகவில்லை. தேவதாசனின் ஒரே தங்கச்சி ஷெர்லின். அவளைக் கட்டி இங்கேயே குடியேறிய புன்னைக்காயல்காரன் இனிகோ. கல்யாணம் முடிந்த மறு மாசத்திலிருந்து அவன் கயிறு தேவதாசன் கையில்தான் இருந்தது, பத்து வருஷம்.

ஏழு வருஷத்துக்கு முந்தின அந்த நாளில் வள்ளத்தில் அவர்கள் ரெண்டு பேர்தான். காலையில் காற்று கரையிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. கம்ப்ரசர் காற்றை இழுக்கிற வாய் ஒரு பக்கம், என்ஜின் புகை போகிற பக்கம் வேறு. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒன்பதரை மணிக்கு மேல் காற்று திரும்பியது. வழக்கமாக வள்ளமும் கூடத் திரும்பிவிடும். அன்றைக்கு நீரோட்டம் அதைத் திரும்ப விடவில்லை. புகை நேராகக் கம்ப்ரசரின் வாய்க்குள் போய், அங்கிருந்து டியூப் வழியாக இனிகோவின் நெஞ்சுக்குள் இறங்கியது. புகை ஏறினால் மயக்கம் வருவதே தெரியாது. கயிற்றை இழுத்துச் சைகை காட்ட வேண்டும் என்ற நினைப்புகூட வராது. மேலே இருக்கிறவன்தான் காற்றைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கயிறு பிடிக்கிறவனின் பாதி வேலை அதுதான்.

தேவதாசன் பார்க்கவில்லை. இடது கையில் கயிறு, வலது கையில் போன். போனில் ஷெர்லின். மகளுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை, கோவிலில் முதல் தடவை நற்கருணை வாங்குகிற நாள், வெள்ளைக் கவுனை டெய்லர் இன்னும் தரவில்லை, கரைக்கு வந்ததும் போய் நாலு சத்தம் போட்டு வாங்கிக்கொண்டு வா என்று ஆரம்பித்து, பிரியாணிக்கு எத்தனை கிலோ கறி என்பது வரைக்கும் போய்விட்டது. அண்ணன் தங்கச்சி பேச்சு, அது எங்கே சீக்கிரம் முடியும். போனை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் புகை முகத்தில் அடித்தது. கயிற்றை இழுத்தார். மறுமுனையில் கனம் மட்டும்தான் வந்தது.

போலீசிலும் கோவிலிலும் அவர் ஒரே பதிலைச் சொன்னார்: கண்ணசந்துட்டேன். தங்கச்சியோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் அவள் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு எப்படிப் பிழைப்பாள்? எட்டு வயசுப் பிள்ளை வேறு இருக்கிறது. அதனால் தூக்கத்தின் மேல் பழியைப் போட்டார். மச்சான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தூங்கியவன் என்ற பெயரை விடக் கேவலமான பெயர் அந்தக் கரையில் கிடையாது, பாவி மனுஷன் அதைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டார். இனிகோவை அவன் சொந்த ஊரான புன்னைக்காயலிலேயே அடக்கம் செய்தார்கள். கல்லறைத் தோட்டத்துக் கேட்டில் ஷெர்லின் திரும்பி நின்று, நீ உள்ளே காலெடுத்து வைத்தால் நானும் அந்தக் குழியில் இறங்கிவிடுவேன் என்றாள். தேவதாசன் வெளியே நின்றுகொண்டார். அதற்குப் பிறகு அவர் கடலுக்கும் போகவில்லை, அந்தக் கேட்டுக்கும் போகவில்லை. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு யார் கையிலாவது மெழுகுதிரி வாங்கிக் கொடுத்துவிடுவார். தங்கச்சி வீடு ரெண்டு தெரு தள்ளித்தான். ஏழு வருஷத்தில் ஒரு வார்த்தை கிடையாது.

இப்போது இந்தக் கல். பெயர் வெட்டுவதற்குக் குடும்பத்தார் கையெழுத்து வேண்டும் என்று கமிட்டி ஒரு ஃபாரம் அடித்திருந்தது. பதிமூன்று வீட்டில் கையெழுத்து ஆகிவிட்டது. ஷெர்லின் வீட்டுக்கு அனிஷ் போனபோது அவள் ஃபாரத்தைத் தொடவில்லை.

"எங்க அண்ணன் ஓடிக் கொண்டுவார காசு ஒத்த ரூவா அந்தக் கல்லுல இருந்தாலும், எங்க வீட்டுக்காரர் பேரு அதுல வேண்டாம்" என்றாள்.

அனிஷ் அதை அப்படியே தேவதாசனிடம் வந்து சொன்னான், மறைக்கத் தெரியாத பிள்ளை. ஓட்டம் முடிந்த மறுநாள் கல்வெட்டுகிற ஆசாரி வேலையை ஆரம்பித்துவிடுவார். அதற்குள் கையெழுத்து வரவில்லை என்றால் கல்லில் பதிமூன்று பெயர்தான். இனிகோ என்று ஒருத்தன் அந்தக் கடலில் செத்ததற்கு அடையாளமே இருக்காது. தேவதாசன் அன்றைக்கு ஐஸ் கம்பெனியில் முறை மாற்றிக்கொண்டு, வாக்குக் கொடுத்த கடைகளுக்கெல்லாம் திரும்பவும் போனார். என் பெயரை அடித்துவிட்டு அனிஷ் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார். மளிகைக்கடை சுடலைராஜ் அண்ணாச்சி ஒருத்தர்தான் முறுக்கிக்கொண்டார். ஏரலில் கடை வைத்து, தூத்துக்குடிக்கு வந்து ரெண்டாவது கடை போட்டவர். வாக்கு என்றால் ஆளுக்குத்தான், வேறொருத்தன் ஓடுவதற்கு நான் எதுக்குத் தர வேண்டும் என்றார். கடைசியில் தேவதாசன் முகத்தைப் பார்த்துவிட்டு, பேசாமல் பெயரை மாற்றி எழுதிக் கொடுத்தார்.

காசுக்காக ஓடுகிறவர்களை இந்த ஊர் முதல் தடவையாக இப்போதுதான் பார்க்கப் போகிறது. காசே வேண்டாம் என்று ஓடுகிறவரை என்ன சொல்வது? நீங்கள்தான் பெயரை எடுத்தாயிற்றே, இனி எதற்கு உடம்பைக் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்று அனிஷ் கேட்டுப் பார்த்தான்.

"கல்லுக்காக இல்லலே" என்றார் தேவதாசன். "அங்கன போய் கல்லறைக் கேட்டுக்கு வெளியில நின்னுட்டாவது வரணும். பஸ்ல போய் நிக்கதுக்கு எனக்கு மனசு வரல."

அனிஷ் மறுபடி ஷெர்லினிடம் போய், தேவதாசன் மாமா பெயரை எடுத்துவிட்டார், ஒரு பைசா அவர் பெயரில் இல்லை, கல்லறைக் கேட்டு வரை சும்மாதான் ஓடப் போகிறார் என்று சொன்னான். அவள் ஃபாரத்தை வாங்கிக்கொண்டு, பாப்போம் என்றாள்.

ஓட்டத்தன்று பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி முடித்து, ஐந்து மணிக்குக் கூட்டம் கிளம்பியது. நடக்கிறவர்கள் அறுபது எழுபது பேர், ஓடுகிறவர்கள் பதினொரு பேர். பனியனில் நம்பர் குத்திக்கொண்டவர்கள் எல்லாம் போன பிறகு, நம்பர் இல்லாத தேவதாசன் பின்னால் கிளம்பினார். அனிஷ் வாங்கிக் கொடுத்திருந்த ஷூ முத்தையாபுரத்திலேயே விரலைக் கடிக்க ஆரம்பித்தது. உப்பளத்துப் பக்கம் வெயில் ஏறியபோது ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடினார். துறைமுகத்துக்குப் போகிற லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள். பழையகாயலில் யாரோ ஒரு அம்மா நீட்டிய மோரை வாங்கிக் குடித்தார். சின்ன வயசில் அவரும் மூழ்கிப் பழகிய நெஞ்சு, மூச்சு அவரைக் கைவிடவில்லை. கால்தான் கைவிட்டது. ஆத்துப் பாலம் தாண்டி ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் பக்கம் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ரோட்டோரம் உட்கார்ந்து நீவிவிட்டுக்கொண்டு, மீதி தூரத்தை நொண்டி நொண்டி நடந்தார். அவர் புன்னைக்காயல் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று தாண்டிவிட்டது. மற்றவர்கள் எப்போதோ முடித்துக் கோவில் பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் பந்தலுக்குப் போகவில்லை. நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். கேட்டுக்கு வெளியே ஷெர்லின் நின்றுகொண்டிருந்தாள்.

தேவதாசன் அங்கேயே நின்றுவிட்டார். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தார், கால் ஒத்துழைக்கவில்லை. அவள் அவருடைய காலைப் பார்த்தாள், கையிலிருந்த ஷூவைப் பார்த்தாள்.

"முழுக்க ஓடியா வந்த?"

"ஆத்தூர் வரைக்கும். பெறவு நடந்தேன்."

ஏழு வருஷத்துக்குப் பிறகு தங்கச்சி அவரோடு பேசுவது இதுதான் முதல் தடவை.

"நீ தூங்கலன்னு எனக்குத் தெரியும்ண்ணே" என்றாள் ஷெர்லின்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"போன்ல டயம் கெடந்துதுல்லா. ஒம்பது நாப்பதுலருந்து பன்னெண்டு நிமிசம், அவருக்கு ஆனதும் அப்பத்தான். எங்கூடப் பேசிக்கிட்டு இருந்தவன் எப்படித் தூங்கியிருப்பான்? அவரை அடக்கம் பண்ணுததுக்கு முந்துன ராத்திரியே பாத்துட்டேன். பாத்துட்டுத்தான் மறுநாளு இந்தக் கேட்டுல வச்சு ஒன்னை அப்படிச் சொன்னேன். ஒன்னை வையாட்டா என்னை நானே வைய வேண்டியிருந்திருக்கும். எனக்கு அதுக்குத் தைரியம் இல்ல."

"அது ஒன் தப்பு இல்லளா. காத்தைப் பாக்கது என் வேலை. போனை வச்சிருக்கணும், நான் வைக்கல."

"நான்தான வைக்க விடல."

ஏழு வருஷமாக அவள் தெரிந்தேதான் தன்னை ஒதுக்கி வைத்தாள் என்று கோபப்பட்டிருக்கலாம், வேறு எந்த மனுஷனும் பட்டிருப்பான். தேவதாசனுக்கு அழுகைதான் வந்தது. இத்தனை நாளாக அவளுக்குத் தெரியக் கூடாது என்று அவர் பொத்திப் பொத்தி வைத்ததை, அவள் முதல் நாளிலிருந்தே தனியாகச் சுமந்திருக்கிறாள்.

"என்னை விடு" என்றார். "அவன் பேரை மட்டும் போடச் சொல்லுளா."

ஷெர்லின் கைப்பையைத் திறந்து ஃபாரத்தை எடுத்துக் காட்டினாள். கையெழுத்துப் போட்டிருந்தது. அனிஷ் ரெண்டாம் தடவை வந்துவிட்டுப் போன அன்றைக்கே போட்டுவிட்டாளாம். கொடுப்பதற்கு முன்னால் அண்ணனிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று வைத்திருந்தாளாம். ரெண்டு தெரு நடந்து வந்து சொல்ல முடியவில்லை, பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்துதான் சொல்ல முடிந்தது என்றாள்.

பிறகு அவள் கேட்டைத் தள்ளித் திறந்தாள். தேவதாசன் அசையாமல் நிற்பதைப் பார்த்து, வா என்றாள். அவர் உள்ளே காலெடுத்து வைத்தார். அவளை முன்னால் போகச் சொன்னார், இனிகோவை எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது.