தண்டவாளத்தின் உயரம்

இந்த வயதில் எனக்கு ஓர் ஆராய்ச்சி வேலை கிடைத்திருக்கிறது. சைக்கிள் சங்கிலி கழன்றால் பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுகிற ஆள் நான்; என்னிடம் போய் நீராவி இஞ்சினைப் பற்றிக் கேட்கிறான் தம்பி ரவி. ரொறன்ரோவில், தன் வீட்டு நிலவறையில், நாங்கள் பிறந்து வளர்ந்த இணுவில் ரயில் கடவையையும் அதில் ஓடிய கரிக்கோச்சி என்ற நீராவி ரயிலையும் சின்னதாகச் செய்துகொண்டிருக்கிறான். அசலில் இருந்தது எதுவும் பிசகக் கூடாதாம்.

“அண்ணை, புகைக்குழல் வாயிலை பித்தளை வளையம் இருந்ததோ? எங்கடை லைனிலை ஓடினது எப்பிடியெண்டு ஆரிட்டையாவது கேளுங்கோ.”

கேட்பதற்கு ஆள் மிஞ்ச வேண்டுமே. பண்டத்தரிப்பில் செல்லையா அண்ணை இருந்தார், அந்த இஞ்சின்களுக்குக் கரி அள்ளிப் போட்ட பயர்மன். கண் தெரியாது. நான் கொண்டுபோன பழைய இஞ்சின் படத்தை மடியில் வைத்து விரலால் தடவினார்.

“பித்தளைதான். வடிவாத் துடைக்காட்டி டிரைவர் என்னைத்தான் ஏசுவார்.” பிறகு தானாகவே சொன்னார்: “இணுவில் கடவையிலை ஒரு மனிசி கைப்பிள்ளையோடை நிப்பா. நான் ஒரு கரிக்கட்டி எறிஞ்சுவிடுவன்.”

அது எங்கள் அம்மா. கைப்பிள்ளை ரவி. கரி பொறுக்கியவன் நான். அம்மா ஒருமுறை அதை அடுப்பில் வைத்துப் பார்த்தார். புட்டெல்லாம் கந்தக மணம். எங்கள் அப்பா, ஐயா என்போம், புட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அப்படியும் அம்மா ஒரு கட்டியைக்கூட வீசவில்லை, கிணற்றடியில் குவித்து வைத்தார். மழை பெய்தால் அந்த மணம் கிளம்பும்.

“அம்மா இருக்கிறாவோ, தம்பி?”

“இல்லை அண்ணை. செல் விழுந்து செத்துப்போனா.”

அது பொய். உங்களிடம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

சண்டையில் கோச்சி நின்றுபோன பிறகு, பீரங்கிச் செல்லுக்குப் பதுங்கும் பங்கருக்குக் கூரை போட ஊரே திரண்டு தண்டவாளங்களைக் கிளப்பியது. ஐயா பனங்குற்றி போதும் என்றார். “கோச்சியையே தாங்கின இரும்பு, ஐயா. செல்லைத் தாங்காதோ?” என்று நான்தான் பெரிய இஞ்சினியர் மாதிரிக் கதைத்தேன். நான்கு துண்டுகள் அறுத்து, ஒவ்வொன்றையும் ஆறு பேர் சுமந்து வந்து, மண்மூடைச் சுவர்களின் மேல் அடுக்கினோம். இரும்பு தாங்கும், அதன் கீழே இருக்கிற மண் தாங்குமா என்று எனக்கு யோசனை வரவில்லை. மாரி மழையில் மூடைகள் ஊறிப்போயின. ஒருநாள் மத்தியானம் ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டு அம்மாதான் முதலில் இறங்கினார். ஹெலி வேறெங்கோ சுட்டுவிட்டுப் போனது. எங்கள் வீட்டு வளவில் ஒரு சன்னம்கூட விழவில்லை. கூரைதான் விழுந்தது.

வெளிநாடு போயிருந்த ரவிக்கு, செல் என்று எழுதினேன். செல்லுக்குச் செத்தவர்களைப் பற்றி யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. ஐயா சாகும்வரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் ஒருநாளாவது என்னை ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வளையத்தின் விவரமும் அம்மா கைப்பிள்ளையோடு கடவையில் நின்ற கதையும் போனதும் ரவி மறுபடியும் தொலைபேசி எடுத்தான்.

“தண்டவாளத்தின்ரை உயரம்தான் இனி வேணும். பழைய துண்டு ஒண்டும் ஊரிலை இல்லையோ அண்ணை?”

இருக்கிறது. அந்த நான்கில் ஒன்று இன்னமும் கிணற்றடியில் கறள் பிடித்துக் கிடக்கிறது. அளவுநாடாவோடு போய்க் குந்தி, அளந்து, கடதாசியில் எழுதியும் வைத்தேன். ஆனால் அனுப்பினால், அது எங்கள் வளவுக்கு எப்படி வந்தது என்று கேட்பான். ஒன்றும் மிஞ்சவில்லை என்று சொல்லிவிட்டேன்.

செல்லையா அண்ணையும் போன மாதம் போய்விட்டார். கடவையில் இப்போது புதுத் தண்டவாளம், புதுக் கோச்சி. யாரும் நின்று பார்ப்பதில்லை.

நேற்று ரவி படம் அனுப்பியிருந்தான். பித்தளை வளையம் மின்னக் கரிக்கோச்சி வருகிறது. தண்டவாளம் ஒன்றுகூடக் கிளப்பப்படாமல் நிலத்தில் நீளமாகக் கிடக்கிறது. அதன் பக்கத்தில், விரல்நகம் அளவில், கைப்பிள்ளையோடு அம்மா.

“தண்டவாளம் மட்டும் உத்தேசந்தான் அண்ணை. மற்றதெல்லாம் சரிதானே?”

“ஓம்,” என்றேன். “எல்லாம் சரி.”