பாடாமல் விட்ட வரி

எங்கள் குசினி அலுமாரியில் விளிம்பு உடைந்த வெள்ளைக் கோப்பை ஒன்று இருக்கிறது. மனைவி பலமுறை எறியப் பார்த்தும் நான் விடவில்லை. ஆறு வருடங்களுக்கு முன், எழுபத்திரண்டில் ஒரு சனிக்கிழமை, வங்காள நண்பர் ஒருவர் அதைத் தேக்கரண்டியால் தட்டித் தாளம் போட்டு என்னைக் கேலி செய்து பாடினார். தட்டிய தட்டில் விளிம்பு போயிற்று.

மெல்பேர்னில் நாங்கள் இருவரும் ஒரே அலுவலகத்தில் பாலங்களுக்கு வரைபடம் கீறினோம். கல்கத்தாவில் அவர் பெயர்பெற்ற நையாண்டி எழுத்தாளர், இசைத்தட்டுகளுக்குப் பாட்டு எழுதியவர் என்பதை மற்ற வங்காளிகள் சொல்லித்தான் அறிந்தேன். அதற்குப் பிறகு அவரைக் கவனிப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. மெட்டு முதலில் வரும். அதை அர்த்தமில்லாத சொற்களால் நிரப்பிவைப்பார். கல்கத்தாவில் காய்கறிப் பெயர்களாம். இங்கே ஓக்லி, ஹண்டிங்டேல், கிளேட்டன் என்று ரயில் நிலையங்களை முணுமுணுத்தபடி கோடு இழுப்பார். சில வாரங்களில் நிலையங்கள் ஒவ்வொன்றாக இறங்கிப்போக, அந்த இடங்களில் எங்களில் யாராவது ஒருவர் ஏறியிருப்பார்.

ஆண்டுதோறும் வங்காளக் குடும்பங்கள் பூசைக்காக வாடகைக்கு எடுக்கும் தேவாலய மண்டபத்தில் அவருடைய கேலிப் பாட்டு ஒன்று அரங்கேறும். அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார். யாரைப் பற்றிய பாட்டோ அவருடைய வீட்டுக்கே போய், அவர் தரும் தேநீரைக் குடித்து, அவருக்குத்தான் முதலில் பாடிக்காட்டுவார். அவர் வேண்டாம் என்ற வரி மேடைக்குப் போகாது. ஏன் இப்படி என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம். ஒருமுறை, "என் முதல் பாட்டு என் மாமியாரைப் பற்றியது" என்றார்.

கோப்பை உடைந்த அந்த வருடம், ஒருநாள் பள்ளி விட்டதும் என் மகள் சொல்லாமல் தோழியோடு ரயிலேறி ஃபிராங்க்ஸ்டன் கடற்கரைக்குப் போய்விட்டாள். நான் காவல்துறை, மருத்துவமனைகள், தீயணைப்பு நிலையம் எல்லாவற்றுக்கும் தொலைபேசியில் பேசினேன். கால் நிறைய மணலோடு அவள் திரும்பியபோது தோழியின் வீட்டு வாசலில் அவர்களைத் தேடி வந்த காவல்துறை வண்டி நின்றது. பள்ளி முழுவதும் சிரித்ததாம். அதன்பின் அவள் என்னோடு பேசவில்லை. அலுவலகத்தில் நான் இழுத்த கோடு கோணிக்கொண்டே போனது. பக்கத்து மேசையிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை வந்தார். மனைவிக்குப் பார்த்தவுடனே விளங்கிவிட்டது. "இஞ்சருங்கோ, இந்த முறை நீங்கள்தான்" என்று தேத்தண்ணி வைக்கப் போனாள். எங்களுக்காக ஆங்கிலத்தில் மாற்றிக்கொண்டு பாடினார். பாட்டில் வரும் அப்பா மிருகக்காட்சிசாலைக்கும் போன் செய்து, சிங்கத்தை எழுப்பி விசாரிக்கிறார். கதவோரம் நின்ற மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது.

"அப்பா, உண்மையா ஸூவுக்கும் போன் எடுத்தனீங்களோ?"

"இல்லையம்மா. நம்பர் கிடைக்கேல்லை."

பல நாட்களுக்குப் பின் அவள் என்னிடம் பேசிய முதல் சொற்கள் அவை. பாட்டின் கடைசிக்கு முந்திய வரியில்தான் என் சிரிப்பு நின்றது. 'பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள், அப்பா இன்னும் வந்து சேரவில்லை.' அதை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். அவர் தலையசைத்தார். "நல்லது. அது ஒன்றுதான் கேலியில்லை" என்றார்.

மண்டபத்தில் அந்த இடம் வந்தபோது வேறு வரி போடவில்லை. அடுத்த வரியை இழுத்து இடைவெளியை மூடவும் இல்லை. வாயை மூடிக்கொண்டு, அந்த வரியின் நீளத்துக்குக் கரண்டியால் கையிலிருந்த கோப்பையை மட்டும் தட்டினார். அதுவும் வேடிக்கை என்று கூட்டம் சிரித்தது. சிரிக்காமல் திரும்பி என்னைப் பார்த்தவள் என் மகள் ஒருத்திதான்.

பிறகு அவர் மகனோடு வாழ சிட்னிக்குப் போனார். இப்போது அங்கே செவன் ஹில்ஸ் பக்கம் எந்த நிலையங்களை முணுமுணுக்கிறாரோ. நேற்று மகளும் படிப்புக்காக சிட்னிக்கு ரயிலேறினாள். நான் ஜன்னலடியில் நின்று, போய்ச் சேர்ந்ததும் போன் எடுக்கும்படி திரும்பத் திரும்பச் சொன்னேன். "ஓம் அப்பா" என்றவள், வண்டி நகரும்போது விரலால் கண்ணாடியைத் தட்டினாள். எனக்கு அந்தத் தாளம் தெரியும்.

இன்று காலை போய்ச் சேர்ந்துவிட்டதாக அழைத்துச் சொன்னாள். இப்போது அலுமாரியிலிருந்து கோப்பையை எடுத்து முன்னே வைத்திருக்கிறேன். நான் இன்னும் அந்த ரயில் மேடையில்தான் நிற்கிறேன்.