நிறுத்து என்றால் நிற்காத செல்

சேவியருக்குத் தாடைக்குக் கீழே ஒரு கட்டி. அந்தமானில், மாயாபந்தரில் படகு இன்ஜின் மெக்கானிக். நான் அங்கே வேலை பார்த்த நாளிலிருந்து நண்பன். போர்ட் பிளேரில் என் வீட்டில் தங்கித்தான் பயாப்ஸி செய்துகொண்டான். போன வாரம் ரிசல்ட் வந்தது. கேன்சர். மெயின்லேண்ட் போய் ஆபரேஷன் செய்யவேண்டும்.

"மாதா கோயில் திருவிழா முடியட்டும் அண்ணாச்சி. சப்பரத்துக்கு ஜெனரேட்டர் நான்தான ஓட்டணும்?" என்றான் டாக்டர் முன்னாலேயே.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஒரு மாசம்தானே... அதுக்குள்ள ரெஃபரல் பேப்பரை முறைப்படி ரெடி பண்ணிடலாம்."

முப்பத்தைந்து வருடம் அரசாங்க ஆபீசில் இருந்தவன். காத்திருக்க மறுத்த ஃபைலை நான் பார்த்ததே இல்லை!

டாக்டர் இளம்பெண். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அங்கிள், நல்ல செல் உத்தரவு வந்தாத்தான் ரெண்டாப் பிரியும். பக்கத்து செல் முட்டினா நின்னுடும். தனக்குன்னு இருக்கிற வேலையைச் செய்யும். பழுதாயிட்டா தானா செத்துப்போகும். இது அப்படி இல்ல. நிறுத்துன்னா நிக்காது. வேலையும் செய்யாது, சாகவும் சாகாது. கடைசில ரத்தத்துல ஏறி வேற இடத்துல போய்க் குடியேறும்."

சேவியர் சிரித்தான். "அரே டாக்டர், நாங்களும் தூத்துக்குடிலேருந்து கப்பலேறி வந்து குடியேறுன ஆளுங்கதான்!"

"நீங்க வந்து இன்ஜின் ரிப்பேர் பண்றீங்க. அது இன்ஜினையே தின்னும்."

சிரிப்பு நின்றது.

"இன்னும் பரவல. அதுக்கு ஒரு மாசம் டைம் கொடுக்காதீங்க."

எந்த மேஜையில் கையெழுத்து தூங்கும், அதை எப்படி எழுப்புவது... எனக்குத் தெரியாததா? மூன்றே நாளில் பேப்பர் முடிந்தது. சனிக்கிழமை சென்னைக் கப்பலில் அவனுக்கும் அவன் மனைவிக்கும் பெர்த்.

ஜெனரேட்டர் சாவி? ஊரில் பக்கத்து வீட்டு பெங்காலிக்காரரிடம் கொடுத்துவிட்டானாம். "நான் இல்லாட்டியும் சப்பரம் நகரும். டீக் ஹே" என்றான்.

கப்பல் படியில் கால் வைத்தவன் திரும்பினான்.

"அண்ணாச்சி, நீங்க ரிட்டயராகி ஏழு வருஷம். இன்னும் டெய்லி அந்த ஆபீசுல போய் உட்கார்ந்து தப்பு கண்டுபிடிக்கீங்க. நிறுத்துன்னு ஒருத்தரும் சொல்லலியா? எதுக்கும் அந்த டாக்டரம்மாகிட்ட காட்டிருங்க!"

மறுநாள் நான் ஆபீசுக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை.