ஓர் அங்குல மின்னல்

சுகிர்தாவுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, சொந்த ஊரான போலகத்தில் நடவு வயலுக்கு மோர் எடுத்துக்கொண்டு போனாள். வரப்போரத்துப் பனையில் இடி விழுந்தது. கண்ணுக்கு முன்னால் எல்லாம் வெள்ளையாகிப் போனது மட்டும்தான் அவளுக்கு நினைவு. தூக்குவாளி ஒரு பக்கம் கிடந்தது, அவள் ஒரு பக்கம் சேற்றில் கிடந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. பனையின் உச்சிதான் மறுநாள் வரைக்கும் புகைந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஊர் மாறி, ஆசிரியர் பயிற்சி முடித்து, கல்யாணமாகிக் கடலோரக் கோவில்பத்துக்குக் குடிவந்து, தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சராகப் பன்னிரண்டு வருஷம் ஓட்டிவிட்டாள். ஆனாலும் ஐப்பசி பிறந்து வானம் உறுமினால் போதும், சாக்பீஸ் கையிலிருந்து தானாக விழுந்துவிடும்.

போன வருஷம் அப்படி ஒரு நாள், முன்வரிசையிலிருந்த விஷ்ணுப்ரியா கேட்டாள். “டீச்சர், மேகத்துக்குக் கரன்ட் எந்த ஒயர்ல வருது?”

சுகிர்தா பாடப்புத்தகத்தைப் புரட்டினாள். அதில் இரண்டு வரிதான் இருந்தது. அந்த வாரமே அறிவியல் கண்காட்சிக்கு ஆசிரியர்களும் படைப்பு வைக்கலாம் என்று சுற்றறிக்கை வந்தபோது, யாரையும் கேட்காமல் தன் பெயரைக் கொடுத்தாள். நிலைமின்சாரம் உண்டாக்கும் இயந்திரம் செய்யப்போவதாக வீட்டில் சொன்னாள். மிக்ஸி சுவிட்சையே துணியைப் பிடித்துக்கொண்டு போடுகிறவள் இப்படிச் சொன்னதும் கணவன் சிவக்குமார் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தான். பிறகு என்னென்ன சாமான் வேண்டும் என்று மட்டும் கேட்டான்.

பிவிசி குழாய் ஒன்றை நிறுத்தி, அடியில் தையல்மெஷின் மோட்டாரைப் பொருத்தினார்கள். கீழும் மேலும் இரண்டு உருளைகள். அவற்றைச் சுற்றி ஓட, சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிய பட்டை. உருளைகளுக்குப் பக்கத்தில் நுனி பிரித்த செம்பு ஒயர், பட்டையில் உரசாமல் சீப்புப்போல நின்றது. எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களை வாயோடு வாய் கவிழ்த்து ஒரு கோளம். பட்டை ஓடஓட மின்னூட்டம் மேலேறிக் கோளத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் காகிதத்தை இழுக்கும், நிரம்பினால் பொறியாகப் பாயும்.

ஓடவிட்டாள். மோட்டார் உறுமியது, பட்டை சுற்றியது. கோளத்தின் பக்கத்தில் வைத்த காகிதத்துணுக்கு அசையக்கூட இல்லை.

கடற்காற்றின் ஈரம்தான் காரணம் என்று நினைத்தாள். குழாயை ஸ்பிரிட்டால் துடைத்து, உச்சிவெயிலில் காயவைத்து, ஹேர் டிரையரால் சூடுகாட்டினாள். இரண்டு துணுக்குகள் எழுந்து நின்று, உடனே படுத்துக்கொண்டன. சீப்பை நெருக்கிப் பார்த்தாள், தள்ளிப் பார்த்தாள். மூன்று வாரம் இப்படியே போயிற்று.

கடைசியில் மொத்தத்தையும் ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு, மோட்டார் காயில் கட்டும் மன்சூர் அலியின் கடைக்குப் போனாள். அவர் மோட்டாரைச் சோதித்து, அதில் ஒரு கோளாறும் இல்லை என்றார். திருப்பிக் கொடுக்கும்போது சும்மா மீட்டரின் இரண்டு முனைகளையும் பட்டையில் வைத்தார். முள் லேசாக நகர்ந்தது. இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார்.

“டீச்சர், இது ரப்பருன்னா நெனச்சீங்க? கறுப்பா இருக்குதே, உள்ள கரியக் கலந்திருக்கான், கரியில கரன்ட் பாயும். நீங்க மேல ஏத்துறத எல்லாம் இது கீழயே எறக்கிவுட்டுடும்.”

மூன்று வாரமாகக் காற்றைத் திட்டிக்கொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிவக்குமாரின் தோள்வலிக்கு இழுத்துப் பயிற்சி செய்யக் கொடுத்திருந்த மஞ்சள் ரப்பர் பட்டை வீட்டில் கிடந்தது. அதை வெட்டி ஒட்டிப் போட்டதும் காகிதத்துணுக்குகள் பாய்ந்து கோளத்தில் ஒட்டின. ஆனால் பொறி வரவில்லை. எங்கேயோ ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சன்னல்களில் போர்வையைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கினார்கள். சிவக்குமார் மோட்டாரைப் போட்டான். கண் இருட்டுக்குப் பழகச் சற்று நேரமானது. அப்புறம் தெரிந்தது. கிண்ணங்கள் சேரும் விளிம்பைச் சுற்றி, பூனைமுடி அளவுக்கு மெல்லிய ஊதா வெளிச்சம் சிலிர்த்துக்கொண்டிருந்தது. எரியவில்லை, சுடவில்லை. மூச்சு விடுவதுபோல் கூடிக்கூடிக் குறைந்தது. ஒரு கோளாறு இத்தனை அழகாக இருக்கும் என்று சுகிர்தா எதிர்பார்க்கவில்லை.

“வெளிம்பு கூரா இருக்குங்க,” என்றாள் மெதுவாக. “அது வழியாத்தான் எல்லாம் ஒழுவுது.”

மறுநாள் பாத்திரக்கடையில், விளிம்பு சுருட்டிய கிண்ணங்களாக எடுத்து ஒவ்வொன்றின் வாயையும் விரலால் தடவிப் பார்த்தாள். கடைக்காரப் பெண் பாயசத்துக்கா என்று கேட்டாள். சுகிர்தா ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

புதுக் கோளம் ஏறியது. பொறியை வாங்க ஒரு கரண்டி. அதன் காம்பில் ஒயரைக் கட்டி, மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிட மறுமுனையை இரும்புத் தண்ணீர்க்குழாயில் சுற்றியிருந்தார்கள். கரண்டியைத் தானே பிடிப்பதாகச் சிவக்குமார் சொன்னான். அவள் கொடுக்கவில்லை. மூன்று விரற்கடை தூரத்தில் ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கினாள்.

பட்டென்று ஒரு சத்தம் வெடித்தது. கோளத்துக்கும் கரண்டிக்கும் நடுவே ஓர் அங்குலத்துக்கு நீலவெள்ளைக் கோடு, வளைந்து, கிளைத்து, கண் சிமிட்டுவதற்குள் போய்விட்டது. காற்றில் ஒரு கூர்மையான வாசனை எழுந்தது. இத்தனை வருஷம் மறந்திருந்த அந்த வாசனை அவளுக்குத் தெரியும். சேற்றில் கிடந்தபோது மூக்கில் ஏறியது அதுதான். இது அதே சாதி, அதே வழி, அதே அவசரம். அளவுதான் வேறு. வானத்தில் ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது, அன்று அவள் தெரியாமல் அதன் குறுக்கே நடந்து போயிருக்கிறாள், அவ்வளவுதான். அவள் காதைப் பொத்தவில்லை. கரண்டியை எடுக்கவும் இல்லை. அடுத்த பொறி விழுந்தது. அதற்கடுத்ததும்.

“போதுமா?” என்றான் சிவக்குமார்.

“இருங்க,” என்றாள். கண்ணில் நீர் நின்றது.

கண்காட்சி தை மாதத்தில் வந்தது. காலைப் பனியில் அரங்கின் கண்ணாடியெல்லாம் வியர்த்திருந்தது. எவ்வளவு துடைத்தும் பொறி வரவில்லை, காகிதம் மட்டும் ஆடியது. நடுவராக வந்த கல்லூரிப் பேராசிரியை திரிபுரசுந்தரி ஏன் என்று கேட்டார். சுகிர்தா ஈரத்தைப் பற்றியும், கரி கலந்த டியூபைப் பற்றியும், கூரான விளிம்பைப் பற்றியும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அடுத்த மேசைக்குப் போகவேண்டியவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். பரிசு வேறொருவருக்குப் போயிற்று.

பங்குனியில் வெயில் ஏறியதும் இயந்திரத்தை வகுப்புக்கு எடுத்துவந்தாள். கதவைச் சாத்தி, முப்பத்தொரு பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து ஓடவிட்டாள். முதல் பொறி விழுந்தது. அத்தனை வாயும் திறந்தபடி இருந்தன. பின்வரிசையிலிருந்து அகரன், “டீச்சர், இன்னொரு தடவ,” என்றான், கோயிலுக்குள் பேசுகிற குரலில்.