தண்டு வழியே வராத பதில்

சரளா போய்விட்டாள் என்ற செய்தி இரண்டாம் ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் வந்தது. அவள் ஊரான தளியில், வீட்டிலேயே, நெஞ்சு வலி. அவளுக்காக, தகடு அடிக்கும் பிரஸ்ஸைச் சற்று நிறுத்துங்கள் என்றேன். டார்கெட் இருக்கிறது என்றார்கள் மேலதிகாரிகள். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

ஓசூர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் அவளும் நானும் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். எந்திரங்களில் சென்சாரை ஒட்டி, பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று அதிர்வை வைத்துச் சொல்வது அவள் வேலை. ஹெட்போனை மாட்டியதும் கண்ணை மூடிக்கொள்வாள். தூங்குகிறாள் என்று கிண்டல் செய்வோம், பிரிவில் கூட வேலை செய்த உங்களுக்கும் நினைவிருக்கும்.

ஓர் ஆயுத பூஜை அன்று, எந்திரங்கள் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு ஓய்ந்து கிடந்தன. பொரியை மென்றபடியே மதிலுக்குப் பின்னால் முனியப்பாவின் கத்தரித் தோட்டத்துக்கு என்னை இழுத்துப் போனாள். கழித்துப்போட்ட சென்சார் ஒன்றைச் செடியின் தண்டில் மெழுகால் ஒட்டினாள்.

"கேளுப்பா, தத்துப்பூச்சி பேசுது."

ஹெட்போனை என் காதில் மாட்டினாள். வெகுநேரம் கழித்து, டுர்ர் டுர்ர் என்று மெல்லக் கேட்டது. அரிசியைவிடச் சிறிய ஆண் பூச்சி, வயிற்றை அதிரவைத்துத் தண்டு வழியே கூப்பிடுகிறதாம். பெண் பூச்சியும் தண்டிலேயே பதில் அனுப்பும். அதைப் பிடித்துக்கொண்டு இது தேடிப் போகும்.

"மத்த நாள்ல?" என்றேன்.

"மத்த நாள்ல நம்ம பிரஸ் அடிக்கிற அடியில மண்ணே ஆடுது. இது எவ்ளோ கத்திக்கினு இருந்தாலும் எவளுக்குப்பா கேக்கும்?"

அன்று பதில் வரவில்லை. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் போனோம். "நான் மருந்தடிக்கிற பூச்சிக்கு நீங்க கல்யாணம் பேசறீங்களாம்மா?" என்று முனியப்பா தலையில் அடித்துக்கொள்வார். சரளா சிரிப்பாள், ஆனால் விடமாட்டாள். "ஒரே ஒருத்தி பதில் சொல்லிட்டா போதும்ப்பா."

போன ஆண்டு தோட்டத்துக்கு அந்தப் பக்கமும் ஓர் ஆலை வந்துவிட்டது. அங்கே பூஜை அன்றும் ஓட்டம் நிற்பதில்லை. ஹெட்போனில் தொம் தொம் என்று அதுதான் கேட்டது. அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "போச்சுப்பா," என்றாள்.

இந்த ஆயுத பூஜைக்குத் தனியாகப் போனேன். இலைக்கு அடியில் ஒரு தத்துப்பூச்சி உட்கார்ந்திருந்தது. அது கூப்பிடுகிறதா, சும்மா இருக்கிறதா, தெரியவில்லை. தொம் தொம்தான் கேட்டது.

அவளுடைய ஹெட்போன் என்னிடம் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்கும் பழக்கமும் ஒட்டிக்கொண்டது. அடுத்த பூஜைக்கும் போவேன். பதில் வராது என்று தெரியும்.